உரிமை: கடையத்திலிருந்து சில குறிப்புகள்

பதிப்புரிமை பற்றி நம்மில் யாரும் அதிகம் பேசியதில்லை. முன்னூறு பிரதிகள் அச்சிட்டு, நூறை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைக்கிற எழுத்தாளனுக்கு ராயல்டி என்பது அடுத்த வீட்டு விவகாரம். யாராவது திருடிப் படித்தால்கூடச் சந்தோஷம்தான் என்று சொல்லிக்கொள்கிறோம். இதில் ஒருவிதப் பெருமிதமும் இருக்கிறது. ஆனால் நூலகம் நூலகமாக, அலமாரி அலமாரியாக, கேட்டும் கேளாமலும் புத்தகங்கள் மின்பிரதிகளாக்கப்படும் காலத்தில் இந்தப் பெருமிதம் மட்டும் போதாது என்று எனக்குப் படுகிறது. ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போகவேண்டும். தூரம் போகவேண்டியதில்லை. நான் வேலை பார்க்கும் தென்காசியைச் சுற்றிப் பத்திருபது மைலுக்குள்ளேயே இந்த விஷயத்தின் சரித்திரம் பாதி கிடக்கிறது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் மேலகரம். திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். குற்றாலக் குறவஞ்சிக்காக மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்று பெயர். ஒரு நூலுக்கு ஒரே தவணையில் விலை தீர்த்துவிட்ட கணக்கு இது. நிலம் கவிராயருக்கும் சந்ததிக்கும், பாட்டு ஊருக்கு. கோயிலில் ஆடலாம், ஏட்டில் எழுதலாம், பாட்டை மாற்றிப் பாடலாம், யாரும் நோட்டீஸ் அனுப்ப முடியாது. அந்தக் காலம் நல்ல காலம் என்று நான் சொல்ல வரவில்லை. மன்னன் கண்ணில் படாத கவிராயர்களுக்கு மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஆனாலும் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், எதற்காக என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரு நிலத்தின் பெயரிலேயே அது எழுதப்பட்டிருந்தது.

மற்றொரு திசையில், அம்பாசமுத்திரம் போகும் வழியில், கடையம். செல்லம்மாவின் ஊர். 1918 டிசம்பரில் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையான பாரதி நேரே இங்கேதான் வந்தார். 1920 கடைசிவரை, சுதேசமித்திரனுக்குத் திரும்பும்வரை, இங்கே இருந்தார். பாரதியின் கடைய நாட்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கழுதையைத் தோளில் தூக்கிய கதை மாதிரியானவற்றில்தான் மயங்குகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இங்கிருந்து அவர் அனுப்பிய சுற்றுக்கடிதம். தன் எழுத்துகளை நாற்பது புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பிரதிகள், ஆக நாலு லட்சம் பிரதிகள் அச்சிடுவதென்று திட்டம். தீப்பெட்டியையும் மண்ணெண்ணெயையும் போலப் புத்தகம் வீட்டுக்கு வீடு விற்கும் என்று அவர் நம்பினார். அச்சுச் செலவுக்குக் கடன் கேட்டார். புரோநோட்டு எழுதித் தருவதாகவும், மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி தருவதாகவும் சொன்னார்.

வங்கியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இந்த வட்டி விகிதம் கண்ணில் குத்தும். வருஷத்துக்கு இருபத்து நாலு சதம். யாரும் பெரிதாகக் கடன் கொடுக்கவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை ஒரு கவியின் வெகுளித்தனமாகப் படிப்பது தவறு. அது தன் எழுத்தின் பௌதிக வாழ்வு பற்றிய, அதாவது எத்தனை பிரதி, என்ன விலை, எந்த வீடு என்பது பற்றிய, ஒரு முழுமையான கற்பனை. தன் நூல்கள் எல்லாமே எல்லோருக்கும் கிடைக்க வேண்டும்; அதைத் தானே செய்ய வேண்டும்; அதில் தனக்கு லாபமும் வரவேண்டும். இந்த மூன்றும் அவர் மனதில் ஒன்றோடொன்று முரண்படவில்லை. இன்று மின்பிரதி விவாதத்தில் இந்த மூன்றையும் மூன்று கட்சிகளாகப் பிரித்துவிட்டோம்.

பாரதி 1921இல் இறந்தார். அப்போதைய சட்டப்படி ஆசிரியர் இறந்து ஐம்பது வருஷம், அதாவது 1971 முடிய, உரிமை வாரிசுகளுக்கு. செல்லம்மா தன் தமையன் அப்பாத்துரையோடு பாரதி ஆச்ரமம் என்ற பெயரில் சில நூல்களைக் கொண்டுவந்தார், தொடர முடியவில்லை. பிறகு பாரதி பிரசுராலயம் வந்தது. பாரதியின் மாற்றாந்தாய்க்குப் பிறந்த தம்பி சி. விசுவநாதன் அதில் முக்கியமானவர். 1931இல் செல்லம்மா சில ஆயிரம் ரூபாய்க்கு உரிமையைப் பிரசுராலயத்துக்கு விற்றார். நாளடைவில் விசுவநாதன் ஒருவரே உரிமையாளரானார். நம் எழுத்தாளர்கள் இந்த விசுவநாதனை ஒரு வில்லனாகவே எழுதிப் பழகிவிட்டார்கள். மானாமதுரையில் பள்ளி ஆசிரியராக இருந்த அவர் இல்லாவிட்டால், பத்திரிகைப் பக்கங்களில் சிதறிக் கிடந்த பாரதியில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று யோசிக்க யாரும் தயாராக இல்லை.

இனி நடந்ததுதான் நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. 1934இல், பாட்டுகளை இசைத்தட்டிலும் ஒலிபரப்பிலும் பயன்படுத்தும் உரிமையைத் தனியாகப் பிரித்து, பிரசுராலயம் ஜேசிங்லால் மேத்தா என்ற வியாபாரிக்குச் சில நூறு ரூபாய்க்குக் கொடுத்தது. அப்போது தமிழில் பேசும்படம் வந்து மூன்று வருஷம். சென்னை அகில இந்திய வானொலி வர இன்னும் நாலு வருஷம் இருந்தது. விற்றவர்களுக்குத் தாங்கள் என்ன விற்கிறோம் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. புத்தகம் அவர்களுக்குப் புரிந்த பொருள். இசைத்தட்டு ஏதோ உபரி. 1946இல் அந்த உபரியை மேத்தாவிடமிருந்து ஏவி. மெய்யப்பன் வாங்கினார், கிட்டத்தட்டப் பதினாயிரம் ரூபாய். அடுத்த ஆண்டு 'நாம் இருவர்' வந்தது. டி.கே. பட்டம்மாள் குரலில் பாரதி, சுதந்திரம் வருவதற்குச் சில மாதங்கள் முன்பே சுதந்திரத்தைக் கொண்டாடிக்கொண்டு தியேட்டர் தியேட்டராகப் போனான்.

1948இல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டு இடம் பெற்றது. மெய்யப்பன் தரப்பிலிருந்து நோட்டீஸ் வந்தது. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போயிற்று. அப்போதுதான் தமிழ் எழுத்தாளர்களுக்குச் சட்டென்று விழிப்பு வந்தது. கவியின் பாட்டு ஒரு ஸ்டுடியோவின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது! பாரதி விடுதலைக் கழகம் பிறந்தது. வ.ரா. தலைமை. நாரண துரைக்கண்ணனும் டி.கே. சண்முகமும் திருநெல்வேலிக்குப் போய் செல்லம்மாவைச் சந்தித்துச் சம்மதம் வாங்கினார்கள். ஏற்கெனவே விற்றுவிட்டவரிடம் எதற்குச் சம்மதம் என்று சட்டம் தெரிந்தவர்கள் கேட்கலாம். அவர்கள் அதைச் செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் மந்திரிசபை உரிமையை அரசுக்கு வாங்கியது. விசுவநாதனுக்கு 15,000 ரூபாய். செல்லம்மாவுக்கும் இரண்டு பெண்களுக்கும் ஆளுக்கு 5,000 ரூபாய். வில்லன் என்று ஏசப்பட்ட மெய்யப்பன் தன் பங்கைக் காசு வாங்காமலே கொடுத்துவிட்டார். 1955இல் அரசு தன் உரிமையையும் விட்டுக்கொடுக்க, பாரதி பொதுச்சொத்தானான். சட்டப்படி ஆகவேண்டிய நாளுக்குப் பதினாறு வருஷம் முன்னால். இந்த முழுக் கதையை ஆ.இரா. வேங்கடாசலபதி ஆவணங்களோடு புத்தகமாகவே எழுதியிருக்கிறார். படிக்காதவர்கள் படிக்க வேண்டும்.

நான் இதில் பிடித்துக்கொள்வது 1934ஆம் வருஷத்து விற்பனையை. இன்னும் பிறக்காத ஒரு ஊடகத்தின் உரிமையை, அது என்ன என்று தெரியாமல், பழைய காகிதத்தின் ஓரத்தில் எழுதிக் கொடுத்துவிடுவது. நம் சட்டத்துக்கு இது புரிய வெகுகாலம் ஆயிற்று. 2012ஆம் வருஷத்துத் திருத்தம்தான், ஒப்பந்தம் எழுதியபோது இல்லாத, அல்லது வியாபாரப் புழக்கத்தில் வராத ஊடகத்துக்கு, அந்த ஊடகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தாலொழிய, அந்த ஒப்பந்தம் செல்லாது என்றது. எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாத ஒப்பந்தம் ஐந்து வருஷத்துக்குத்தான் என்று இன்னொரு பிரிவு சொல்கிறது. எங்கள் வட்டத்தில் பதிப்பாளரோடு ஒப்பந்தம் எழுதியவர்களே குறைவு. பெரும்பாலும் ஒரு டீக்கடை பெஞ்சுதான் ஒப்பந்தம். ஆகவே சட்டம் நமக்குச் சாதகமாக இருக்கிறது. நமக்குத்தான் அது தெரியாது.

குற்றாலத்தைச் சொல்லாமல் விட முடியாது. டி.கே. சிதம்பரநாத முதலியார் தன் கடைசிக் காலத்தில் இங்கே இருந்துகொண்டு கம்பனில் தனக்கு ஒப்பாத பாட்டுகளையெல்லாம் இடைச்செருகல் என்று ஒதுக்கி, சொற்களைத் திருத்தி, ஒரு கம்பனைப் பதிப்பித்தார். கம்பனுக்கு ஒரு பேரன் உயிரோடிருந்து சட்டமும் இன்றைய சட்டமாக இருந்திருந்தால், ஐந்தருவிப் பக்கம் ஒரு அமீனா வந்திருப்பார். ரசிகமணிக்கு எழுத்து என்பது கேட்பவன் செவியில் நிறைவுறுகிற ஒன்று. எழுதியவன் சொத்து அல்ல. இந்தப் பார்வையின் வசீகரம் எனக்கும் தெரியும். அதன் அபாயமும் அந்தப் பதிப்பிலேயே இருக்கிறது. ரசிகன் சொந்தம் கொண்டாட ஆரம்பித்தால் முதலில் கத்தரிக்கோலைத்தான் எடுக்கிறான்.

இனி அமெரிக்கா. நம்முடைய முன்னூறு பிரதிப் புத்தகத்துக்கும் அமெரிக்காவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் கோதுமை. பி.எல். 480 என்ற சட்டத்தின் கீழ் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நமக்கு வந்த கோதுமைக்கு விலையை ரூபாயாகவே கொடுத்தோம். அந்த ரூபாய் இங்கேயே தங்கியது. 1962 முதல் அதில் ஒரு பகுதியைக் கொண்டு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தில்லி அலுவலகம் இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி, அங்குள்ள பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்பியது. தமிழும் அதில் உண்டு. ரேஷன் கடையில் நாம் தின்ற கோதுமையின் கடன், சென்னையில் அச்சான கவிதைப் புத்தகமாக மிச்சிகனுக்கும் சிக்காகோவுக்கும் போய்ச் சேர்ந்தது. தென்காசி நூலகத்தில் இல்லாத தமிழ்ப் புத்தகம் ஆன் ஆர்பரில் இருப்பதன் காரணம் இதுதான். குற்றாலச் சாரலும் இராமபாணப் பூச்சியும் தின்றது போக இங்கே மிஞ்சுவது குறைவு என்பதையும் நேர்மையாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

2004 டிசம்பரில் கூகிள் நிறுவனம் மிச்சிகன், ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, ஆக்ஸ்ஃபோர்டு, நியூயார்க் பொது நூலகம் ஆகியவற்றின் புத்தகங்களை ஸ்கேன் செய்யப்போவதாக அறிவித்தது. பிறகு பல நூலகங்கள் சேர்ந்தன. உரிமை காலாவதியான நூல், ஆகாத நூல் என்று மிச்சிகனில் பேதம் பார்க்கவில்லை. யாரையும் கேட்கவுமில்லை. வேண்டாம் என்கிறவர்கள் சொல்லலாம், எடுத்துவிடுகிறோம் என்றார்கள். 2005 செப்டம்பரில் அமெரிக்க எழுத்தாளர் சங்கம் வழக்குப் போட்டது. 2008இல் ஒரு சமரச ஒப்பந்தம்: 12.5 கோடி டாலர். அனுமதியில்லாமல் ஸ்கேன் செய்யப்பட்ட புத்தகத்துக்குக் குறைந்தது 60 டாலர். அச்சில் இல்லாத நூல்களை விற்கும் வசதி கூகிளுக்கு. உலகத்தில் எந்த மூலையில் எழுதியவனாக இருந்தாலும், சர்வதேச உடன்படிக்கைகளால் அமெரிக்காவிலும் அவனுக்கு உரிமை உண்டாகையால், அவனும் இதில் கட்சிக்காரன். குறித்த தேதிக்குள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால், சம்மதம் என்று பொருள்.

இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சில் சொல்கிற வழக்கு. அதைச் சட்டமாக்கினால் எழுத்தாளன் என்பவன் தினமும் ஆட்சேபிக்கக் கடமைப்பட்டவனாகிறான். செத்துப்போன எழுத்தாளன் எப்படி ஆட்சேபிப்பான்? பிரான்ஸ், ஜெர்மனி அரசாங்கங்கள் எதிர்த்தன. திருத்திய ஒப்பந்தம் 2009 நவம்பரில் வந்தபோது, அமெரிக்காவில் பதிவு செய்த நூல்களுக்கும், பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியாவில் வெளியானவற்றுக்குமாக எல்லை சுருங்கியது. இந்தியப் பதிப்பாளர் அமைப்புகள் 2010 ஜனவரியில் தங்கள் ஆட்சேபணையைப் பதிவு செய்தன. ஆக, தமிழ்ப் புத்தகங்கள் பெரும்பாலும் ஒப்பந்தத்திலிருந்து விலகின, ஸ்கேனிலிருந்து அல்ல. 60 டாலரும் இல்லை, விடுதலையும் இல்லை.

2011 மார்ச்சில் நீதிபதி டென்னி சின் அந்த ஒப்பந்தத்தை நிராகரித்தார். விலகுகிறவர்கள் விலகலாம் என்பதற்குப் பதில் சேருகிறவர்கள் சேரலாம் என்று இருந்தால் ஆட்சேபணைகளில் பல தீரும் என்பது அவர் கருத்து. அதே நீதிபதி 2013 நவம்பரில், ஸ்கேன் செய்து, தேட வசதி கொடுத்து, சில வரிகளை மட்டும் காட்டுவது நியாயமான பயன்பாடு என்று தீர்ப்பளித்தார். 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2016 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் விசாரிக்க மறுத்தது. பதினொரு வருஷத்து வழக்கு. அந்தத் தீர்ப்பை நான் குறை சொல்லமாட்டேன். முழுப் புத்தகத்தையும் தருவது வேறு, புத்தகத்துக்குள் தேட விடுவது வேறு என்ற கோட்டை அது தெளிவாகப் போட்டது.

நம் வீட்டில் நடந்தது இதைவிட மோசம். அமெரிக்கப் பேராசிரியர் ராஜ் ரெட்டியின் பத்து லட்சம் புத்தகத் திட்டத்தோடு இணைந்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தை மையமாகக் கொண்டு, 2000க்குப் பின் இந்திய மின்நூலகம் தொடங்கியது. அரசுப் பணம். லட்சக்கணக்கான நூல்கள். நூல் விவரங்களை ஆங்கில எழுத்தில் அடித்தவர்களுக்குத் தமிழ் தெரியுமா என்பது சந்தேகம்; ஆசிரியர் பெயர் தலைப்பிலும் தலைப்பு எங்கேயோவும் கிடக்கும். பக்கங்கள் விடுபட்டிருக்கும். உரிமை காலாவதியாகாத நூல்களும் கலந்திருந்தன. வழக்குக்கு அவசியமில்லாமலே, உரிமைச் சிக்கல் காரணமாகத் தளம் மூடப்பட்டது. அதற்குள் கார்ல் மலமுத் என்ற அமெரிக்கர் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களைப் பிரதியெடுத்து இண்டர்நெட் ஆர்க்கைவில் வைத்துவிட்டார். அரசாங்கம் கேட்காமல் எடுத்தது, பிறகு வெட்கப்பட்டு மூடியது, வெளியாள் ஒருவர் அதைக் காப்பாற்றினார். இதில் யாரைப் பாராட்டுவது, யாரைக் கண்டிப்பது? எனக்கு வேண்டிய முப்பதுகளின் பத்திரிகைத் தொகுதிகள் அங்கேதான் கிடைக்கின்றன.

கேட்டுச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால்தான் கேளாமல் செய்வதை மன்னிக்க முடியவில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் உரிமை தீர்ந்த நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டெழுதித் திருத்தி வைக்கிறது. 2005இல் தொடங்கிய ஈழத்து நூலகம் எழுத்தாளர்களிடம் அனுமதி கேட்டு வாங்குகிறது. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததைப் பார்த்த சமூகத்துக்கு ஸ்கேனரின் அவசரம் யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்த அவசரத்திலும் கேட்கிறார்கள். தமிழக அரசின் நாட்டுடைமைத் திட்டமும், அதன் மீது எத்தனை குறைகள் இருந்தாலும், பரிவுத்தொகை கொடுக்கிறது. வேண்டாம் என்ற பதிலையும் ஏற்கிறது. 2009இல் அறிவிப்பு வந்தபோது கண்ணதாசன், சுந்தர ராமசாமி ஆகியோர் குடும்பங்கள் மறுத்தன, அரசு விட்டுவிட்டது. சுந்தர ராமசாமியின் எழுத்துகளுக்கு 2065 முடிய உரிமை உண்டு. அது நீண்ட காலம்தான். இறந்தபின் அறுபது வருஷம் என்பதை நான் ஆதரிக்கவில்லை. தாகூரின் உரிமை முடியப்போகிறதென்று 1992இல் ஐம்பதை அறுபதாக்கியது எழுத்தாளர் நலனுக்காக அல்ல. ஆனால் மறுப்பதற்கு ஒரு கதவு இருந்தது, மறுத்தார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு கவிஞர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இறந்தார். இரண்டு தொகுப்புகள். மனைவியும் இல்லை, ஒரு மகள் வெளிநாட்டில், இன்னொருவர் எங்கே என்று தெரியவில்லை. அவருடைய இரண்டாவது தொகுப்பு இப்போது பி.டி.எஃப். ஆகக் கைபேசிக் குழுக்களில் சுற்றுகிறது. அட்டை இல்லை. எட்டுப் பக்கங்கள் இல்லை. முதல் பக்கத்தில் முன்னுரை எழுதியவரின் பெயர் இருப்பதால், அவர்தான் ஆசிரியர் என்று பலர் நினைத்துக் கவிதைகளை மேற்கோள் காட்டுகிறார்கள். இதை முறையாகப் பதிப்பிக்க ஒரு சிறு பதிப்பாளர் தயார். அனுமதி தர ஆளில்லை. திருட்டுப் பிரதி எந்த அனுமதியுமின்றி வாழ்கிறது. நல்ல பிரதி அனுமதிக்காகக் காத்திருந்து சாகிறது. யாரிடமும் பத்து ரூபாய் இழப்பு இல்லை. ஆனாலும் ஒரு கவிஞனின் பெயரும் எட்டுப் பக்கமும் போய்விட்டன.

இதற்கெல்லாம் சட்டத்தில் வழியில்லாமல் இல்லை. உரிமையாளர் இறந்தோ கண்டுபிடிக்க முடியாமலோ இருந்தால் கட்டாய உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். லாப நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடமுள்ள பிரதியைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம். ஊருக்கெல்லாம் திறந்துவிட அந்தப் பிரிவு இடம் தரவில்லை. தன் உரிமையை முழுவதுமோ பகுதியோ விட்டுக்கொடுக்க விரும்புகிற ஆசிரியன் பொது அறிவிப்பு மூலமே அதைச் செய்யலாம்.

என் வேலையில் தினமும் பார்க்கிற ஒன்றைச் சொல்கிறேன். பத்து வருஷம் யாரும் தொடாத கணக்கிலுள்ள பணம் ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்குப் போகிறது. 2014 முதல் இந்த ஏற்பாடு. போனாலும் உடைமை போவதில்லை. வாரிசு எப்போது வந்தாலும், அடையாளம் காட்டினால், பணம் திரும்பும். 2023இல் இருந்து பெயரைத் தட்டித் தேட ஒரு தளமும் இருக்கிறது. ஒரு கிழவியின் 740 ரூபாய்க்கு இவ்வளவு ஏற்பாடு செய்த நாட்டில், ஒரு கவிதைத் தொகுப்புக்கு உரியவர் யார் என்று தேட ஒரு பேரேடு இல்லை. கணக்கு தொடங்கும்போதே நாமினி பெயர் கேட்கிறோம். நாமினி வேறு, வாரிசு வேறு, நாமினி வாங்கிக் கொடுக்கும் பொறுப்பாளி மட்டுமே என்று வாடிக்கையாளருக்கு விளக்கித் தொண்டை வறண்டுபோகிறது. எழுத்தாளர்களுக்கு அதை விளக்க யாருமில்லை.

ஆகவே நம் வட்டத்து நண்பர்களிடம் ஒரு பக்கம் எழுதித் தரும்படி சில மாதங்களாகக் கேட்டு வருகிறேன். என் நூல்கள் இவை. உரிமை எனக்குப்பின் இன்னாருக்கு. அவர் கிடைக்காவிட்டால் இன்னார் முடிவெடுக்கலாம். மின்பிரதி செய்யலாம் அல்லது கூடாது. செய்தால் பக்கம் விடாமல், பெயர் மாறாமல் செய்யவேண்டும். கையெழுத்து, தேதி, இரண்டு சாட்சி. இதுவரை பதினோரு பேரிடம் கேட்டாயிற்று. மூன்று பேர் எழுதிக் கொடுத்தார்கள். ஒருவர் தன் கவிதைகள் காற்றுக்குச் சொந்தம் என்றார். அதையே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றேன், யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் இதென்ன அபசகுனம் என்று பேச்சை மாற்றினார்கள். தாள்கள் என்னிடம் ஒரு கோப்பில் இருக்கின்றன. வேண்டுவோர் மாதிரிப் படிவத்தை இந்தப் பத்திரிகை முகவரிக்கு எழுதிப் பெற்றுக்கொள்ளலாம்.